கயல்விழியின் தங்கைக்கு என்ன பெயர்?

கேட்டவர் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் ஒரு தாய். மூத்த மகள் பெயர் கயல்விழி. இரண்டாவதும் பெண், பிறந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. அக்காவைப் போலவே இவள் பெயரும் 'ழி' என்று முடிய வேண்டும் என்பது கணவரின் ஆசை. நட்சத்திரம் ஆயில்யம், மூன்றாம் பாதம். ஜோசியர் 'டே' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அத்தைக்கோ, அதாவது மாமியாருக்கோ, ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் காவேரியம்மன் பெயர்தான் வேண்டும். பட்டியல் பட்டியலாகத் தேடியும் மனசுக்குப் பிடித்தது அமையவில்லை, மூன்றையும் சேர்க்க வழி உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. மூன்றையும் ஒரே சொல்லுக்குள் திணிக்க வேண்டியதில்லை என்று வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்டால் போதும். நான் சேலத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன் என் பழைய மாணவிகள் பலர் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த உரிமையோடு கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 'டே'யை முடித்துவிடலாம். உங்களை அதிகம் கலங்க வைத்தது அதுவாகத்தான் இருக்கும். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்து என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பார்கள். ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. இந்த வரிசை வடமொழி ஒலிகளை வைத்து அமைத்தது. தமிழில் ட எழுத்தில் சொல் தொடங்குவதில்லை. சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் 22 என்று நன்னூல் எண்ணிச் சொல்கிறது, அதில் ட கிடையாது. ஆகவே 'டே'யில் தொடங்கி 'ழி'யில் முடியும் தமிழ்ப் பெயரைத் தேடி உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். யாராவது அப்படி ஒன்றைக் கொடுத்தால் அது அண்மையில் ஒட்டவைத்த சொல்லாகத்தான் இருக்கும், பொருள் இருக்காது.

ஆனால் வழி இருக்கிறது. ட-வில் தொடங்கும் வடசொல் தமிழுக்குள் வரும்போது த ஆவது பழைய நடைமுறை. சிவன் கையிலுள்ள டமருகத்தைத் தமருகம் என்றுதான் நம் புலவர்கள் பாடினார்கள். அதே வழியில் 'டே'யைத் 'தே' என்று எடுத்துக்கொள்ளலாம். ஜோசியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், மறுக்கமாட்டார். இந்தப் பக்கத்தில் பலர் அப்படித்தான் மாற்றித் தருகிறார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நட்சத்திரம் முதல் எழுத்தைத்தான் சொல்கிறது. கடைசி எழுத்துக்குப் பஞ்சாங்கத்தில் எந்த விதியும் இல்லை, அது முழுக்க உங்கள் விருப்பம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று யாராவது காதில் போட்டிருந்தால் அதையும் அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு மாதக் குழந்தையின் தலையில் அந்தப் பழியை ஏற்றுவது பாவம்.

இனி 'ழி'. எழுதும்போது அது 'ழி'. கூப்பிடும்போது காதில் கடைசியாக நிற்பது 'இ'. பெண்பாலைக் காட்டும் விகுதிகளில் நம் நாவுக்கு மிகவும் பழகியது இந்த இகரம்தான்: தோழி, செல்வி, அரசி, குறத்தி, ஒருத்தி. கண்ணகியும் மாதவியும் அப்படியே. சங்கப் புலவர் குறமகள் இளவெயினியும் அப்படியே. நம் ஊர்ப் பாட்டிமார் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: பாவாயி, ராமாயி, பூவாயி, கந்தாயி, நல்லாயி. சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் 'ஆயி' என்று முடியும் பாட்டி ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. ஆயி என்றால் தாய். பெண் பெயர் எப்படி முடிய வேண்டும் என்பதில் நம் பக்கத்து ஜனங்கள் எப்போதுமே கவனமாக இருந்திருக்கிறார்கள். உங்கள் கணவருக்கு வந்திருப்பது புது ஆசை இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'ழி' கிடைக்காவிட்டாலும் 'இ' கிடைத்தால் அக்கா தங்கை பெயர்கள் காதுக்கு இணையாகவே இருக்கும். கயல்விழி, காவேரி என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அத்தை கேட்கும் பெயரும் இகரத்தில்தான் முடிகிறது.

சரி, 'ழி'யே வேண்டும் என்றால் என்னென்ன இருக்கின்றன? பட்டியல்களில் நூற்றுக்கணக்கில் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு வேர்தான்: விழி, மொழி. இவற்றுக்கு முன்னால் ஒரு சொல் சேர்ந்து பெயராகிறது. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 'ழி'யைப் பிடித்துக்கொண்டு முன்னால் அழகாகத் தோன்றும் எதையாவது ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒட்ட முடியாது. கயல்விழி என்றால் கயல் போன்ற விழியை உடையவள். தேன்மொழி என்றால் தேன் போன்ற மொழியை உடையவள். பள்ளியில் அன்மொழித்தொகை என்று படித்திருப்பீர்கள், அதுதான் இது. முதல் பாதி கண்ணுக்கோ பேச்சுக்கோ பொருந்தினால்தான் பெயர் நிற்கும்.

மான்விழி சரி, மானின் கண் அழகு. மான்மொழி என்றால்? கிளிமொழி சரி, கிளிவிழி சரியில்லை. யாழ்மொழி மிக அழகான பெயர். வேதாரண்யத்து அம்மனுக்கே யாழைப் பழித்த மொழியாள் என்றுதான் பெயர், அதாவது யாழின் இசை இவள் பேச்சுக்கு முன் நிற்காது. அதைப் பார்த்து யாழ்விழி என்று வைத்தால் கண்ணுக்கும் யாழுக்கும் என்ன உறவு என்று குழந்தையே ஒருநாள் கேட்பாள். மலர்விழி, மைவிழி, சுடர்விழி, அருள்விழி, பூவிழி எல்லாம் நன்றாக நிற்பவை. கனல்விழி, செவ்விழி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், கோபத்தில் சிவந்த கண் என்றுதான் பொருள் போகும். மொழியில் கனிமொழி, பண்மொழி, இன்மொழி, மணிமொழி, திருமொழி உண்டு. பொன்மொழி நல்ல சொல்தான். ஆனால் அறிவுரை வாக்கியத்துக்குப் பொன்மொழி என்று பெயராகிவிட்டதால், வகுப்புச் சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சீண்டுவார்கள்.

அருள்மொழி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராசராச சோழனின் இயற்பெயர் அருள்மொழி. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் இயற்பெயரும் அருண்மொழித்தேவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர் இது. எனக்கு அதில் குறை தெரியவில்லை, கம்பீரமாகத்தான் இருக்கிறது. உங்களுக்குச் சம்மதமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

விழியும் மொழியும் தவிர மிச்சம் கொஞ்சம்தான். ஆழி தனியாகவே ஒரு பெயர். கடல் என்றும் பொருள், திருமாலின் சக்கரம் என்றும் பொருள். ஆண்டாள் திருப்பாவையின் நான்காம் பாட்டில் இரண்டு பொருளும் ஒரே பாட்டில் வந்துவிடும். இரண்டே எழுத்து, கூப்பிடச் சுலபம். ஊழி வேண்டாம், உலகம் அழியும் காலம் அது. அதுபோல, பெயரைப் பிரித்துப் படித்தால் அழி, பழி, இழி, ஒழி, குழி என்று ஏதாவது தனியாக விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் விட்டுவிடுங்கள். எழுத்தழகைப் பார்த்துக் கட்டிய புதுப் பெயர்களில் இந்த ஆபத்து அதிகம்.

பெயரை முடிவு செய்யும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். தாளில் எழுதிப் பார்ப்பதை விட இது முக்கியம். ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கேட்டதைச் சொல்கிறேன். மேல் வரிசையில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், சரிவுக்குக் கீழே வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தன் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். ஒருத்தி பெயர் மலர். 'மலரூ...' என்றுதான் குரல் வந்தது. ர் என்ற மெய்யில் நின்று கூவ முடியாது. ஓர் உகரம் சேர்ந்து நீண்டால்தான் சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி ஒலி கீழே போகும். அடுத்தவள் பெயர் வள்ளி. 'வள்ளீ...' என்று கடைசி எழுத்து நீண்டதே தவிர வேறொன்றும் ஒட்டவில்லை, பெயர் உருமாறாமல் போய்ச் சேர்ந்தது. இகரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ஈகாரமாக நீளும் என்று இலக்கணத்தில் எழுதியிருப்பது இந்தக் கூப்பாடுதான். கயல், எழில், தமிழ், சுடர் என்று மெய்யில் முடியும் பெயர்கள் இப்போது அதிகம் வருகின்றன. நல்ல பெயர்கள்தான். ஆனால் வீட்டில் கயலு, எழிலு, தமிழு என்றுதான் வாழும், அது தெரிந்தே வையுங்கள்.

ஆனால் இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூப்பிடும்போது நீள்வது கடைசி எழுத்து என்பதால், இரண்டு பெண்களுக்கும் ஒரே முடிவு வைத்தால் அடுக்களையிலிருந்து ஒருத்தியைக் கூப்பிடும்போது இரண்டு பேரும் ஓடிவருவார்கள், அல்லது இரண்டு பேரும் வரமாட்டார்கள். கயல்விழி, மலர்விழி என்று வைத்த வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் மூத்தவளை ஒரு செல்லப் பெயரிலும் இளையவளை இன்னொரு செல்லப் பெயரிலும் கூப்பிட்டு, வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் மூத்தவள் 'விழி' என்றால் இளையவள் 'மொழி'யாக இருக்கட்டும். 'ழி' பொதுவாக இருக்கும், அதற்கு முன்னால் உள்ள ஒலி வேறாக இருக்கும். காதுக்கு அந்த வித்தியாசம் போதும்.

ழ உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பேச்சில் ழ பல வாய்களில் ள ஆகிவிடுகிறது. கயல்விளி, தேன்மொளி என்று அக்கம்பக்கத்தில் கூப்பிடத்தான் செய்வார்கள். பெற்றவர்கள் நீங்கள் இருவரும் ழகரத்தைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுங்கள். தன் பெயரிலேயே ழ இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒலி தானாக வந்துவிடும். என் வகுப்பில் பொன்மொழிகளும் மலர்விழிகளும் வாழைப்பழத்தைத் தடுமாறாமல் சொன்னார்கள்.

இந்தப் பெயர்களுக்கும் நம் சேலத்துக்கும் உறவு உண்டு. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டார். பிறகு 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. அந்தக் காற்று அடித்த காலத்தில் இயக்கத்தில் இருந்தவர்கள் மட்டுமில்லை, நெசவுக் குடும்பங்களும் பள்ளி ஆசிரியர்களும் தங்கள் பெண்களுக்குத் தேன்மொழி, கயல்விழி, மலர்விழி என்று வைத்தார்கள். அதுவரை இலக்கியத்தில் பெண்ணை வருணிக்க வந்த சொற்கள் வீட்டுப் பெயர்களாக இறங்கி வந்தன. இப்போது உங்கள் வீட்டில் ஒரு கயல்விழி இருப்பது அந்த வரிசையில்தான்.

மற்ற முடிவுகளைப் பற்றியும் யோசிப்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதை, முல்லை, குந்தவை, மணிமேகலை என்று ஐகாரத்தில் முடிபவை பழமையும் அழகும் உடையவை. வடமொழியில் ஆகாரத்தில் முடியும் சீதா, கங்கா, யசோதாவைக்கூடத் தமிழ் சீதை, கங்கை, யசோதை என்று ஐகாரமாக்கித்தான் ஏற்றது. பேச்சில் அந்த ஐ தேய்ந்து 'முல்ல', 'கோத' என்று ஒலிக்கும், அவ்வளவுதான். தங்கம், மரகதம், செண்பகம் போன்ற மகர ஈறு ஒரு தலைமுறையாக ஒதுங்கி நிற்கிறது; துணிந்து யாராவது வைத்தால் எனக்குச் சந்தோஷம். எந்தப் பெயருக்கும் பின்னால் ஸ்ரீ சேர்ப்பதும், பொருள் தெரியாமல் 'ஷா', 'ஷிகா' என்று முடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே வகுப்பில் அப்படிப் பெயர் கொண்ட பலர் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தியின் பெயரும் மனத்தில் பதிவதில்லை. எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்தை இரட்டிப்பதும் வேண்டாம். காலமெல்லாம் ஒவ்வொரு அலுவலகத்திலும் அந்த உபரி எழுத்தை விளக்கிச் சொல்லும் வேலை பிள்ளைக்குத்தான்.

இனி உங்கள் அத்தை. அவர் கேட்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். சேர்வராயன் உச்சியில், குனிந்து நுழையும் அந்தக் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் சேர்ந்து இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து சேர்கிறார்கள். அந்த அம்மன் பெயரைப் பேத்திக்குக் கேட்கும் பாட்டியிடம், 'ழி' வரவில்லை என்று சொல்லித் தட்டிவிடக் கூடாது. பெயர் சூட்டும் அன்று குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லும் பெயர் காவேரியாக இருக்கட்டும், அதை அத்தையே சொல்லட்டும். இளங்கோவடிகள் கானல்வரியில் காவிரியைப் பாடும்போது ஒவ்வொரு பாட்டையும் 'வாழி காவேரி' என்றுதான் முடிக்கிறார். வாழி என்ற வாழ்த்து 'ழி'யில் முடிகிறது என்பதை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். காதில் சொல்லும்போது அப்படியே 'வாழி காவேரி' என்று சொல்லச் சொல்லுங்கள். அம்மன் பெயரும் வந்துவிடும், அவர் கேட்ட எழுத்தும் வந்துவிடும்.

அதோடு மூத்தவளின் பெயரையும் அத்தைக்கு விளக்குங்கள். கயல் போன்ற கண்ணுடையவள் என்றால் மதுரை மீனாட்சியேதான், அங்கயற்கண்ணி. மூத்தவளுக்கு அம்மன் பெயர் வைக்கவில்லையே என்ற குறை அவர் மனத்தில் இருந்தால் அது தீரும்.

சான்றிதழில் எழுதும் பெயர் எது என்று என்னைக் கேட்டால், தேன்மொழி. 'டே' தே ஆகிறது, முடிவு 'ழி', அக்காவின் 'விழி'யோடு குழம்பாத 'மொழி', பொருளும் தெளிவு. பழைய பெயர் என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். இன்றைய பால்வாடியில் இன்னொரு தேன்மொழி இருக்க வாய்ப்புக் குறைவு, அவள் ஒருத்தியாகத் தெரிவாள். நட்சத்திர எழுத்தை விட்டுவிடத் தயார் என்றால் எனக்கு அடுத்த விருப்பம் கிளிமொழி. சுகர் கிளி வடிவில் வழிபட்ட தலம் என்று சொல்லப்படும் சுகவனேசுவரர் கோயில் இருக்கும் ஊரில் பிறந்த பெண்ணுக்கு அதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் வைக்க முடியுமா! அத்தை காவேரியைச் சான்றிதழிலேயே கேட்டால், அதுவும் நல்ல பெயர்தான், இகரத்தில்தான் முடிகிறது, மனம் நிறைந்து வையுங்கள். அப்போது தேன்மொழி வீட்டுப் பெயராகட்டும்.

பதிவு விஷயத்தில் நிதானமாக இருக்கலாம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்திருந்தால் அவர்களே தகவல் கொடுத்திருப்பார்கள். பெயர் அப்போதே வேண்டும் என்பதில்லை. பெயர் இல்லாமல் பதிந்து, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்க முடியும், ஆனால் அவ்வளவு தள்ளாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம். ஏற்றியபின் பெயரை மாற்றுவது அரசிதழ் வரை போகும் வேலை. எந்த ஊரில் பிரசவம் ஆனதோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பதிவு இருக்கும். தாய்வீடு ஏற்காடாக இருந்து பிரசவம் சேலத்தில் என்றால் சேலத்தில்தான் போய்ப் பெயர் சேர்க்க வேண்டும்.

போகும்போது கயல்விழியின் சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள். அவள் பெயரில் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டிருக்கிறார்களா, எல் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, தங்கைக்கும் அதையே எழுதச் சொல்லுங்கள். தமிழில் 'தேன்மொழி' என்று சரியாக ஏறியிருக்கிறதா, மொளி என்றோ மொலி என்றோ தட்டிவிட்டார்களா என்று அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.